தங்கைக்கு எந்தப் பொறியியல் கல்லூரி: பெங்களூரா, நம் ஊர்க் கலந்தாய்வா?

கேள்வி: அரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா படிக்கவில்லை. தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 85. பொறியியல் படிக்க வேண்டும் என்கிறாள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஏ.ஐ. படிப்பில் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இந்த வாரமே 25 ஆயிரம் முன்பணம் கட்டச் சொல்கிறார். சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் முடியும் என்கிறார். நம் மாநிலக் கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் நல்ல இடம் கிடைக்குமா?

பதில்:

தம்பி, அந்த 25 ஆயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தத் தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் உதவி மையத்தில் பிள்ளைகளுக்கு விருப்பப் பட்டியல் போட்டுக் கொடுக்கப் போய் உட்காருவேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள், அரசுக் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் என்று கலந்தாய்வுக்கு வரும் இடங்களில் இது பொருந்தும். இதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தங்கையின் வங்கிக் கணக்குக்கே வரும்.

பெங்களூர் சீட்டுக்கு அந்த 7.5 ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையாது. சென்னை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. நம் ஊர்த் தனியார் கல்லூரியிலேயே, கல்லூரி தானே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தாலும் கிடையாது. ஏஜென்ட் காட்டும் எந்தக் கதவு வழியாகப் போனாலும் தங்கை ஏழு வருடம் அரசுப் பள்ளியில் படித்துச் சம்பாதித்த உரிமை வாசலிலேயே நின்றுவிடும். இதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குக் கல்லூரி தரும் கமிஷன், நீங்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால்தான் வரும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் எட்டிப் பிடிக்கும் தூரம், தங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கர்நாடகத்தின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள், அந்த மாநிலத்தில் குறிப்பிட்ட வருடங்கள் படித்த பிள்ளைகளுக்குத்தான். வெளிமாநிலத்தாருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, அங்குள்ள தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வு எழுதிப் பெறும் இடமும் நிர்வாக ஒதுக்கீடும். தங்கை அந்தத் தேர்வை எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. ஆக, ஏஜென்ட் சொல்வது நிர்வாக ஒதுக்கீடுதான். நான்கு வருடக் கட்டணமும் பெங்களூர் விடுதிச் செலவும் உங்கள் சம்பளத்தின் மேல் விழும். நல்ல கல்லூரிகள் அங்கே உண்டு. ஆனால் கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஆள் வைத்து அரூர் வரை தேடி வந்து பிள்ளை பிடிக்கிற கல்லூரிக்கு ஏன் அந்தத் தேவை வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

முக்கியமான இன்னொன்று. அசல் மதிப்பெண் சான்றிதழையோ மாற்றுச் சான்றிதழையோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியே இருக்கிறது. இருந்தும், கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்த பிறகு சான்றிதழை மீட்க ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் இரண்டு நாள் நின்ற அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய பணத்தை விட்டுவிட்டுத்தான் காகிதத்தை வாங்கி வந்தார்.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு. தங்கைக்கு 88 + 41 + 42.5, மொத்தம் 171.5. மருத்துவத்துக்கு இருப்பதுபோல இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2007-இலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. தங்கைக்கு இரண்டு தரவரிசை வரும்: எல்லோரோடும் சேர்த்துப் பொதுத் தரவரிசை, அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் தனித் தரவரிசை. பொதுவில் 171.5 நடுத்தரமான இடம். அரசுப் பள்ளிப் பட்டியலில் அதே 171.5 நன்றாகவே மேலே இருக்கும். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்ற பிரிவுகள் உண்டு. கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எந்தப் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்று போட்டிருப்பார்கள். தங்கையின் பிரிவைப் பார்த்து, அவள் மதிப்பெண்ணுக்கு மேலே ஏழெட்டுக்கும் கீழே பத்துக்கும் இடைப்பட்ட கல்லூரிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யூடியூபில் சொல்லும் 'எதிர்பார்ப்பு கட்-ஆஃப்' எதையும் நம்ப வேண்டாம்.

பட்டியலில் எதை மேலே வைப்பது? பணம் பிரச்சினையில்லை என்று ஆகிவிட்டதால், இங்கே தரம் ஒன்றை மட்டும் பார்க்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வசதியுள்ள பல வீடுகளுக்கே அது கிடைப்பதில்லை.

உச்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்கள்: 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1949-இல் வந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1944-இல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. கிடைக்காது என்று நினைத்தாலும் எழுதி வையுங்கள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்து கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர். இதில் ஒரு கவனம்: அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு தடவை வரும், ஒன்று உதவிபெறும் இடம், இன்னொன்று சுயநிதி. பாடக் குறியீடு வேறு, கட்டணமும் வேறு.

அதற்கு அடுத்த வரிசைதான் உங்களுக்கு உண்மையில் முக்கியம். சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966-இலிருந்து இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி உங்கள் ஓசூருக்கே பக்கம். ஈரோடு, காரைக்குடி அழகப்பா செட்டியார், திருநெல்வேலி, வேலூர் தந்தை பெரியார் கல்லூரி, தருமபுரி செட்டிக்கரை என்று அரசுக் கல்லூரிகள் நீளும். கட்டடம் பளபளப்பாக இருக்காது. சில ஆய்வகங்களில் கருவிகள் பழசாக இருக்கும், சில துறைகளில் நிரந்தர ஆசிரியர் போதாமல் தொகுப்பூதியத்தில் ஆள் வைத்து ஓட்டுவார்கள். இதையெல்லாம் மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் சேலம், பர்கூர் போன்ற இடங்களுக்கு வருகிற பிள்ளைகள் போட்டி போட்டு வந்தவர்கள். பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பொறியியலில் பாதிப் படிப்பு. என் மாணவர்கள் என்னிடம் கற்றதைவிட இரவு பத்து மணிக்கு விடுதி அறையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றது அதிகம்.

பாடத்தைப் பற்றி. ஏ.ஐ. என்ற பெயர் இன்றைக்கு விற்கிறது. நம் கல்லூரிகளில் இந்தத் தலைப்பில் தனிப் பட்டப்படிப்பு வந்தே சில வருடங்கள்தான் ஆகிறது. அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையிலிருந்து வந்த அதே ஆசிரியர்கள். நல்ல கல்லூரியில் அது நல்ல படிப்பு. ஆள் இல்லாத கல்லூரியில் அது ஒரு பெயர்ப்பலகை. இன்னொரு சிக்கலும் உண்டு: அரசு வேலை அறிவிப்புகளில் தகுதியைப் பட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். புதுப் பெயருள்ள பட்டத்துக்கு, அது கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை ஆணை தேடி அலைய வேண்டிவரும். கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐ.டி., இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு), இ.இ.இ. (மின்சாரம், எலெக்ட்ரானிக்ஸ்), மெக்கானிக்கல், சிவில் போன்ற பழைய பெயர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் கணிப்பைத் தயங்காமல் சொல்கிறேன். தெரியாத கல்லூரியின் ஏ.ஐ. சீட்டைவிட, நிலையான அரசுக் கல்லூரியின் இ.சி.இ. சீட் தங்கைக்கு நல்லது. கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தால் அதுவும் சரி. நான் இ.சி.இ. ஆசிரியன், அதனால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இ.சி.இ. படித்தவர் மென்பொருள் வேலைக்கும் போகலாம், என்னிடம் படித்தவர்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறார்கள். சிப் வடிவமைப்பு, தொலைத்தொடர்பு, எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தி என்று மற்ற வழிகளும் திறந்தே இருக்கும். உங்கள் ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., பொதுத்துறை வேலை என்றும் போகலாம். ஆனால் தங்கையிடம் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். அவளுக்கு எதில் ஆசை என்று நீங்கள் எழுதவேயில்லை. மின்சாரப் பாடம் பிடித்த பிள்ளையை நிரல் எழுதத் தள்ளினால் நான்கு வருடமும் அவளுக்குப் பாரம்.

தனியார் கல்லூரிகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், அரசுக் கல்லூரியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அவற்றில் நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரப் பலகையில் இருக்கும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அது ஒரு பிள்ளையின் கதை. அந்தத் துறையில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனங்கள் வேலை தந்தால் மூன்று வேலை என்று கணக்கு எழுதுகிற கல்லூரிகள் இருக்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஒரே வினாத்தாள், விடைத்தாளைத் திருத்துவது வெளியாட்கள். அதனால் ஒரு கல்லூரியில் நூற்றுக்கு எண்பது பேரும் இன்னொன்றில் பதினைந்து பேரும் தேறினால் அந்த வித்தியாசம் உண்மையானது. தன்னாட்சிக் கல்லூரிகளை இதோடு ஒப்பிடக் கூடாது. அவை சொந்தமாக வினாத்தாள் எடுத்துச் சொந்தமாகத் திருத்துபவை, அங்கே தேர்ச்சி விகிதம் எப்போதும் உயர்வாகவே தெரியும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் குறிப்பிட்ட அந்தப் பாடத்துக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நாக் தருவது கல்லூரி முழுவதற்குமான மதிப்பீடு, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி.

ஆசிரியர் பட்டியலைக் கல்லூரி இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆனால் அந்தப் பட்டியலையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024-இல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. எங்கள் தொழிலுக்கே அது பெரிய அவமானம், அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அதனால் நேரில் போங்கள். சேர்க்கைத் திருவிழா நடத்தும் நாளில் வேண்டாம், சாதாரண வேலை நாளில், பதினொரு மணிக்குப் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் வாசல் டீக்கடையில் நில்லுங்கள். மூன்றாம் வருடம், நான்காம் வருடம் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். 'ஒரே செமஸ்டருக்குள் சார் எத்தனை பேர் மாறினாங்க? லேப்ல நீங்களே கைவைத்துச் செய்றீங்களா, இல்லை ஒருத்தர் செய்ய மத்தவங்க நோட்ல எழுதுறீங்களா? அரியர் எத்தனை?' இந்த மூன்றும் போதும். அரியர் என்றால் தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம். பெண்கள் விடுதியில் தண்ணீர் வருகிறதா, நூலகத்துக்கு மாலையில் பெண் பிள்ளைகளை விடுகிறார்களா என்பதைத் தங்கையே அங்கே படிக்கும் பெண்களிடம் கேட்கட்டும். ஆறு மணிக்கு அறையில் போட்டுப் பூட்டுகிற விடுதியில் இருந்தால், போட்டிகளுக்கும் குழுத் திட்டங்களுக்கும் அவள் தயாராவது கஷ்டம்.

விருப்பப் பட்டியல் போடுவதில்தான் நான் பார்த்த தவறுகளில் பெரும்பகுதி நடக்கிறது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுக்கும். மேலே கிண்டியை வைத்ததால் கீழே சேலம் கிடைக்காமல் போகாது. ஆகவே உண்மையான ஆசை வரிசையில் அடுக்குங்கள். 'கிடைக்கிறதை முதலில் வைப்போம்' என்று சுமாரான கல்லூரியை உச்சியில் வைத்தால் அதுவே விழும், அதற்குக் கீழே எவ்வளவு நல்ல கல்லூரி இருந்தாலும் கணினி எட்டிப் பார்க்காது. நான்கே விருப்பம் கொடுத்துவிட்டு, முதல் சுற்றில் எதுவும் கிடைக்காமல், தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களோடு அடுத்த சுற்றில் நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும். தங்கை குறைந்தது அறுபது, எழுபது விருப்பமாவது கொடுக்கட்டும். போகவே விருப்பமில்லாத கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு, அதனால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறுகிய அவகாசத்தில் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே வைத்தது காலியானால் அங்கே நகரவும் சம்மதிக்கலாம். வேண்டாம் என்று சொல்லி மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகியும் விடலாம். பெரும்பாலானோருக்கு இரண்டாவது வழிதான் நல்லது. ஆனால் மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பி வர முடியாது. அதனால்தான் வரிசை அவ்வளவு முக்கியம். பொதுச் சுற்றிலும் 7.5-இலும் இடம் வந்தால், கட்டணச் சலுகை 7.5-இல் சேர்ந்தால்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பதிவு செய்யும்போது பிரவுசிங் சென்டர்காரர் தன் செல்போன் எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. யார் கையில் வருகிறதோ அவர்தான் பட்டியலை மாற்ற முடியும். முடிந்தால் அரசு உதவி மையத்துக்கே போங்கள், அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு விஷயம், சேர்ந்த பிறகு வருவது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது முதல் செமஸ்டரில்தான். மேட்ரிக்ஸ், கால்குலஸ் கணிதமும் கணினி நிரலாக்கமும் முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தில் வந்து நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள், வகை நுண்கணிதம் என்று அவள் படித்த அதே கணக்குதான், பெயர் மட்டும் புதிது. கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் வாரங்களில் தன் கணிதப் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை வைத்துக்கொண்டு தெரிந்த கணக்குகளையே ஆங்கிலத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரியர் இல்லாமல் முதல் வருடத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அரியர் நிலுவையில் இருந்தால் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே உட்கார விடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: தங்கையோடு பள்ளிக்குப் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கெங்கே படித்தாள் என்ற சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் கேட்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் இணையவழிச் சான்றிதழாக மாற்றுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள். நீங்கள் முடித்தது டிப்ளமோ, பட்டம் இல்லை, அதனால் தங்கைக்குத்தான் அந்தத் தகுதி. 7.5-இல் அவள் விரும்பிய இடம் அமையாமல் பொதுச் சுற்றில் சேர நேர்ந்தால் அது கைகொடுக்கும். அந்த 25 ஆயிரத்தைத் தங்கையின் மடிக்கணினிக்கு எடுத்து வையுங்கள். நிரல் எழுதிப் பழக அது வேண்டும்.